பரணில் கிடக்கும் கணினி: வீட்டு ஊடக வழங்கியின் வரலாறு

முன்னுரை

போகிக்கு முன் வீட்டை ஒழிப்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் தவறாத வேலை. பழைய வீடு ஒன்றின் பரணிலிருந்து அன்றைக்கு என்னென்ன இறங்கும்? ஓட்டை விழுந்த பித்தளை அண்டா, இப்போது யாரும் புழங்காத மரக்கால், கல்யாண ஆல்பம், ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஆடியோ கேசட், கொஞ்சம் விசிடி. கடைசியாக, வெள்ளை நிறம் மஞ்சளாகிப் போன ஒரு கணினிப் பெட்டி. பென்டியம் 3 அல்லது பென்டியம் 4 ஆக இருக்கும். மகனோ மகளோ கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியது.

பழைய இரும்புக்காரர் அந்தப் பெட்டிக்கு ஏதோ ஒரு விலை சொல்வார். கேசட்டுகளை அவரும் வாங்க மாட்டார். இரண்டுக்கும் கதை முடிந்தது என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டியும் அந்தக் கேசட்டுகளும் ஒன்றுக்கொன்று உதவக்கூடியவை. பழைய கணினியின் பாகங்களைக் கொண்டே வீட்டில் ஓர் ஊடக வழங்கியை அமைக்கலாம். கேசட்டில் இருப்பதை அதில் ஏற்றிக் காப்பாற்றலாம். இந்த யோசனை எப்படிப் பிறந்தது, தஞ்சைத் தரணியில் இதற்கு என்ன முன்கதை இருக்கிறது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

வழங்கி என்றால் என்ன?

சர்வர் என்று எல்லோரும் சொல்வதைத்தான் தமிழில் வழங்கி என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெரிய நிறுவனங்களில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் வழங்கியும், வீட்டு மூலையில் இருக்கும் வழங்கியும் செய்வது ஒரே வேலைதான். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்!

டெல்டா வீடுகளில் இருந்த பத்தாயத்தை நினைத்துக்கொண்டால் போதும். வீட்டு நெல் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு அளந்து எடுத்துக்கொள்வார்கள். அதுபோல, வீட்டில் உள்ள பாட்டு, படம், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்துவிட்டால், கூடத்துத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மாடி அறை மடிக்கணினியிலும் அதையே எடுத்துப் பார்க்கலாம். பத்தாயத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம் உண்டு. நெல்லை எடுத்தால் குறையும். இங்கே எடுப்பது ஒரு பிரதி, மூலம் குறைவதில்லை.

இந்தப் பிரதி என்ற சொல்தான் இங்கே முக்கியம். பிரதி எடுத்துக் காப்பது தஞ்சாவூருக்குப் புதிதல்ல.

அரண்மனையில் ஒரு நூலகம், வீடுகளில் மூன்று பாடம்

தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காதவர்கள் குறைவு. நாயக்க மன்னர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர்கள் வளர்த்த நூலகம் அது. அதைப் பெரிதாக்கியவர் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி. அவர் 1820-ல் காசிக்குப் போனபோது அங்கிருந்தும் சுவடிகள் சேகரிக்கப்பட்டன. ஏ.சி. பர்னெல் என்ற ஆங்கில அதிகாரி அந்த நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குத் தயாரித்த பட்டியல் 1880-ல் லண்டனில் அச்சாகி முடிந்தது. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன.

பனை ஓலை என்றென்றைக்கும் இருக்காது. ஈரமும் செல்லும் பூச்சியும் அதற்கு எமன். எண்ணெய் பூசி வைத்தாலும் சில தலைமுறைகளுக்குப் பிறகு புதிய ஓலையில் பார்த்து எழுதியே ஆக வேண்டும். எழுத ஆள் இல்லாத ஏடு அங்கேயே முடிந்துவிடும். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் போனபோது, பல இடங்களில் செல்லரித்த ஓலையைத்தான் பார்த்தார். பழுதான ஏட்டை ஆற்றில் விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. ஒரே நூலின் பல பிரதிகள் பல வீடுகளில் இருந்ததால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் அவரால் அச்சிட முடிந்தது.

சரபோஜியின் அதே காலத்தில், தஞ்சாவூரிலிருந்து சில மைல் தள்ளித் திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்தார். அவர் 1847-ல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளை யார் காப்பாற்றினார்கள்? அரண்மனை அல்ல, சீடர்கள்தான். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாப்பேட்டை என்று மூன்று சீடர் மரபுகள் அவற்றைக் கற்று, எழுதி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தன. முதல் இரண்டு ஊர்களும் காவிரிக் கரையிலேயே இருப்பவை. மூன்றாவது மரபின் வேங்கடரமண பாகவதர் தஞ்சாவூருக்கு அருகே அய்யம்பேட்டையில் வாழ்ந்து, பிறகு வாலாஜாப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தார். அந்த மரபின் கையெழுத்துப் பிரதிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன.

ஒரு மரபில் விட்டுப்போன கீர்த்தனை இன்னொன்றில் கிடைக்கலாம். மூன்று பிரதி, மூன்று ஊர், அதில் ஒன்று வெகுதூரத்தில். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பிற்பகுதியில் கணினிக்காரர்கள் இதையே வேறு பெயரில் சொல்லப்போகிறார்கள்.

வானொலியும் கேசட்டும்

ஓலைக்குப் பிறகு ஒலியைச் சேமிக்கும் காலம் வந்தது. முதலில் கிராமபோன் தட்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டில் ஏறி ஊரெல்லாம் கேட்டது. 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. தட்டை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களும் டீக்கடையிலும் பஞ்சாயத்து ரேடியோவிலும் கச்சேரி கேட்டார்கள். திருவையாற்று ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வானொலி வழியாக வீட்டுக்கே வந்தன.

ஆனால் வானொலியில் வந்தது காற்றோடு போனது. அதைப் பிடித்து வைக்க வழி செய்தது டேப். வசதியுள்ள சில ரசிகர்கள் ஸ்பூல் ரெக்கார்டர் வாங்கி, வானொலிக் கச்சேரியையும் சபாக் கச்சேரியையும் பதிந்தார்கள். 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டை அறிமுகப்படுத்திய பிறகு இது எல்லோருக்கும் எட்டியது. திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மேதை மாலியின் கச்சேரிகளில் பல இன்று ரசிகர்களுக்குக் கிடைப்பது, யாரோ ஒருவர் வீட்டு டேப்பில் அன்று பதிந்து வைத்ததால்தான்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் போன்ற ஊர்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது கையில் டூ-இன்-ஒன் இருந்தது. வீதிக்கு ஒரு ரெக்கார்டிங் கடை முளைத்தது. ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து, அட்டையில் அழகான கையெழுத்தில் பட்டியலும் எழுதித் தருவார்கள். இளையராஜா ஒரு பக்கம், நாகூர் ஹனிபாவும் சீர்காழி கோவிந்தராஜனும் மறுபக்கம்!

அந்தக் காலத்தில் கேசட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. தொலைபேசி அரிதாக இருந்ததால், கடல் கடந்து போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். அம்மா பேசுவாள், பிள்ளை மழலையில் பாடும், பின்னால் சேவல் கூவும். மாதம் கழித்து அங்கிருந்து பதில் கேசட் வரும். பேசியவர்களில் பலர் இன்று இல்லை. அந்தக் குரல் அந்த ஒரு கேசட்டில் மட்டுமே இருக்கிறது.

சினிமாப் பாட்டுக்கு அந்த நிலை இல்லை. அதை எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம். இந்தக் குரலை எந்த நிறுவனமும் வைத்திருக்கவில்லை. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேசட்டுக்குள் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். நாடா ஒட்டிக்கொள்ளும். வலிந்து சுற்றினால் அறுந்து போகும்.

நிறுவனங்கள் பெரியவை என்பதால் மட்டும் எதுவும் காப்பாற்றப்படும் என்று சொல்ல முடியாது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பிரிட்டனில் பிபிசி, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டேப்பின் விலையையும் இடத்தையும் கருதிப் பழைய நிகழ்ச்சிகளை அழித்தது. டாக்டர் ஹூ என்ற புகழ்பெற்ற தொடரின் பல பகுதிகள் அப்படிப் போயின. ஆனால் காணாமல் போன அத்தனை பகுதிகளின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? ஒளிபரப்பானபோது ரசிகர்கள் தங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருந்தார்கள்!

குப்பையில் பிறந்த வழங்கி

இனி கணினிக்கு வருவோம். 1956-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு ஓர் அலமாரியைவிடப் பெரியது. எடை ஏறக்குறைய ஒரு டன். 50 தட்டுகள் இருந்தும் அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்றைய கணக்கில் ஒரு எம்பி3 பாட்டுக்கே சரியாக இருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிய தட்டுகள் யானை விலைதான் விற்றன.

அப்போது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ஒரு கேள்வி கேட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதில், மலிவான பல சிறிய தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன? ஒன்று கெட்டாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும்படி எழுதி வைத்தால் போதுமே! 1988-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை தந்த பெயர்தான் ரெய்டு. மலிவான பாகங்களைக் கொண்டே நம்பகமான சேமிப்பை அமைக்கலாம் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சொந்த 386 கணினிக்காக லினக்ஸை எழுதத் தொடங்கினார். அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவர், வேறு வேறு வகைக் கணினிகள் ஒன்றின் கோப்பை மற்றொன்று திறக்க ஒரு மென்பொருள் எழுதினார். அது பயன்படுத்தும் நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடி, சாம்பா என்று பெயர் வைத்தார். இன்றும் வீட்டு வழங்கிகளில் பெரும்பாலானவை கோப்புகளைப் பகிர்வது சாம்பா மூலம்தான். இரண்டையுமே தொடங்கியவர்கள் மாணவர்கள். இரண்டுமே இலவசம்.

பழைய பாகத்தின் மதிப்பை உலகத்துக்குக் காட்டிய இன்னொரு நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்ற இரு ஆய்வாளர்களுக்கு, நாட்டின் சூழலியல் வரைபடம் தயாரிக்கப் பெரிய கணினி தேவைப்பட்டது. 1996-ல் பணம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் கழித்துப் போட்ட 486, பென்டியம் கணினிகளைச் சேகரித்து, லினக்ஸ் போட்டு, ஒன்றாக இணைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பழைய பெட்டிகள் சேர்ந்து அவர்களுக்கு வேண்டிய வேலையைச் செய்து முடித்தன!

ஒலியையும் படத்தையும் சுருக்கும் வழிகள் இதற்குள் வந்துவிட்டன. எம்பி3 அவற்றில் ஒன்று. நல்ல தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய ஒரு எம்பி இடம் போதும். 60 நிமிடக் கேசட் ஒன்று 60 எம்பிக்குள் அடங்கும். பென்டியம் 4 காலத்தின் 40 ஜிபி வன்தட்டில் அப்படி அறுநூற்றுக்கும் மேற்பட்ட கேசட்டுகளை வைக்கலாம். பரண் முழுவதும் உள்ளங்கை அளவு பெட்டிக்குள்!

2002-க்குப் பிறகு ஊடக வழங்கிக்கென்றே மென்பொருள்கள் வந்தன. மித்டிவி அந்த ஆண்டில் தொடங்கியது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. 2005-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே கோஷார்-லாபே, பழைய கணினியைச் சேமிப்புப் பெட்டியாக மாற்றும் ஃப்ரீநாஸை வெளியிட்டார். பென்டிரைவிலிருந்தே இயங்கும் அளவுக்கு அது சிறியது. 2011-ல் ஓபன்மீடியாவால்ட் வந்தது. 2018 டிசம்பரில், அதுவரை திறமூலமாக இருந்த எம்பி என்ற மென்பொருள் மூடப்பட்டபோது, அதன் திறந்த பகுதியை எடுத்து ஆர்வலர்கள் ஜெல்லிஃபின் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2007-ல் விண்டோஸ் ஹோம் சர்வர் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் கைவிட்டது. ஆர்வலர்கள் எழுதியவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தஞ்சைக்கு வந்த பெட்டிகள்

உலகத்தில் இதெல்லாம் நடந்தபோது டெல்டாவில் என்ன நிலை? தொண்ணூறுகளின் இறுதியில் கணினி என்பது தட்டச்சுப் பயிலகத்தின் பக்கத்து அறையில் இருந்த ஒன்று. பிறகு பொறியியல் கல்லூரிகள் பெருகின. தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி மாட்டிய அசெம்பிள்டு கணினிகள் வீடுகளுக்கு வந்தன. இன்று பரணில் இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஏடு பெயர்த்து எழுதிய வேலையின் தொடர்ச்சி என்று அதைச் சொல்லலாம். சாமிநாதையர் அச்சேற்றிய நூல்கள் இப்படி வீட்டுக் கணினிகளுக்குள் வந்தன.

2006-ல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அதுவரை கணினியே இல்லாத குடிசை வீட்டுக்கும் ஒரு கணினி வந்தது. அந்த மடிக்கணினிகளில் பலவற்றின் விசைப்பலகை இன்று போயிருக்கும், திரை விரிசல் விட்டிருக்கும். வழங்கிக்குத் திரையும் வேண்டாம், விசைப்பலகையும் வேண்டாம். உள்ளே இருக்கும் பலகை உயிரோடு இருந்தால் போதும்.

மின்வெட்டும் மின்கட்டணமும்

பழைய பெட்டியை எழுப்புவது பெரிய வித்தை அல்ல. மூடியைத் திறந்து தூசியை ஊதுவார்கள். நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவார்கள். கணினி பழுது பார்க்கும் கடைகளில் இன்றும் முதல் வைத்தியம் இதுதான். தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரியை மாற்றுவார்கள். பழைய வன்தட்டை மட்டும் நம்பக்கூடாது. டக் டக் என்று சத்தம் வந்தால் அதில் இருப்பதை உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

கேசட்டிலிருந்து ஏற்றுவதற்கு டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் நீலநிற லைன்-இன் துளைக்கு ஒரு வயர் போதும். 2000-ல் வெளிவந்த அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். அவசரப்பட முடியாது. 60 நிமிடக் கேசட்டை ஏற்ற 60 நிமிடம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

உண்மையான சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு கெடும், சில நேரம் தட்டே கெடும். மடிக்கணினிக்குள் பேட்டரி இருப்பதால், பழுதான மடிக்கணினிகூட இந்த விஷயத்தில் நல்ல மேசைக் கணினியைவிட மேல்.

மின்கட்டணத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். பழைய பென்டியம் 4 கணினி சும்மா இருந்தாலே 80 வாட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.92 யூனிட், அறுபது நாளில் 115 யூனிட். 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும்! 15 வாட் எடுக்கும் மடிக்கணினி என்றால் அதே அறுபது நாளில் 22 யூனிட்டுக்குள் முடியும். பென்டியம் 4 வைத்திருப்பவர்கள் மாலையில் மட்டும் போட்டு, இரவில் அணைத்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. 2025-ல் வந்த டெபியன் 13 முதல், 32 பிட் கணினிகளில் டெபியனைப் புதிதாக நிறுவ முடியாது. மிகப் பழைய பெட்டிகள் பழைய பதிப்போடு, இணையத் தொடர்பு இல்லாமல், வீட்டுக்குள் மட்டும் ஓடுவது நல்லது.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு ஓரளவு இடம் தருகிறது. அடுத்தவர் படத்தையும் பாட்டையும் ஊருக்கெல்லாம் விநியோகிக்க அது இடம் தரவில்லை. தன் வீட்டுக் குரலுக்கும் தன் வீட்டுப் புகைப்படத்துக்கும் அந்தத் தடையே இல்லை.

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை எல்லாம் சாய்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. கூரை போன வீட்டில் மழைநீர் இறங்கியது. அரிசியே நனைந்த வீட்டில் ஆல்பமும் கேசட்டும் என்ன ஆகும்?

அந்த வீட்டில் மிகச் சிறந்த ஊடக வழங்கி ஒன்று இருந்திருந்தாலும் அதுவும் சேர்ந்துதான் நனைந்திருக்கும். இரண்டு தட்டில் ரெய்டு போட்டிருந்தால்? இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன! தட்டு ஒன்று பழுதானால் ரெய்டு காப்பாற்றும். புயலிலிருந்தும் திருட்டிலிருந்தும், தவறுதலாக அழிக்கும் விரலிலிருந்தும் அது காப்பாற்றாது.

அதனால்தான் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2000-களில் ஓர் எளிய விதியைப் பரப்பினார். எதையும் மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வகைச் சாதனத்தில் வையுங்கள், ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். கணினிக்காரர்கள் இதை 3-2-1 விதி என்கிறார்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாப்பேட்டை! தியாகராஜரின் சீடர்கள் யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் கீர்த்தனைகள் பிழைத்ததற்குக் காரணம் அதுவே.

ஆகவே வீட்டு வழங்கியில் உள்ளதை ஒரு வெளித்தட்டில் பிரதியெடுத்து, திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டிலோ சென்னையில் இருக்கும் சித்தப்பா வீட்டிலோ கொடுத்து வைக்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி, புதியதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பலாம். செலவு ஒரு தட்டின் விலை மட்டும்.

முடிவுரை

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் என்ற விவசாயி இருந்தார். அழிந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடி, 170-க்கும் மேற்பட்டவற்றை மீட்டார். மீட்டதை அவர் பூட்டி வைக்கவில்லை. நெல் திருவிழா நடத்தி, வந்த விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். விதைத்து அறுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. கஜா அடித்த மூன்று வாரத்தில், 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவர் மறைந்தாலும் விதை பல வயல்களில் இருக்கிறது.

ஓலை, டேப், வன்தட்டு எல்லாமே ஒருநாள் கெட்டுப்போகும். அந்த நாளுக்கு முன் அடுத்ததற்கு மாற்றி எழுத ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பரணில் கிடக்கும் பழைய கணினி அந்த வேலைக்குப் போதுமானது. கேசட்டில் பூஞ்சை முழுவதும் பரவுவதற்குள் அதைக் கீழே இறக்க வேண்டும்.

அடுத்த போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, எதையும் வீசுவதற்கு முன் அந்த அட்டைப்பெட்டியில் கையெழுத்தால் பெயர் எழுதிய கேசட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!